மஞ்சள் தண்ணீரில் கழுவிய நாற்பத்தொரு பால் பைகள்

பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கைநூலில், தாய்ப்பாலை எடுத்து உறையவைப்பது பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. வெளியே எத்தனை மணி நேரம் வைக்கலாம், பிரிட்ஜின் கீழ்த்தட்டில் எத்தனை நாள், பிரீசரில் எத்தனை மாதம், எப்படி இளக்குவது என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை, பாடமாக்கி வையுங்கள். ஓய்வுபெற்ற நான் உங்கள் முன்னால் வந்து அதையே திரும்ப வாசித்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரும். குடும்பநல உத்தியோகத்தராக, ஊர்ப்பேச்சில் 'மிசி'யாக, நான் வீடு வீடாகத் திரிந்த காலத்தில், "அந்த மிசியின்ரை வாய்க்குப் பயந்தே கிளினிக்குக்குப் போறனாங்கள்" என்று சொன்ன தாய்மார் இருந்தார்கள். அது பொய்யில்லை. இன்று சொல்லப்போவதும் அந்த வாயால் வந்த வினைதான்.

முதலில் ஒரு மீன் கதை. நல்லூரில் ஒரு வீட்டுக்குக் கனடாவிலிருந்து சொந்தக்காரர் வந்திருந்தார்கள். அவர்களுக்கென்று முழு அறக்குளா மீன் ஒன்றைப் பிரீசரில் வைத்திருந்தார்கள். காலையில் அதை எடுத்துக் குசினி மேடையில் வைத்துவிட்டு எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் வந்து பாதியைச் சமைத்தார்கள். இளகிப்போன மற்றப் பாதியைத் திரும்பப் பிரீசருக்குள் தள்ளி, அடுத்த நாள் எடுத்து மறுபடி இளக்கிக் குழம்பு வைத்தார்கள். பொழுதுபடுவதற்குள் வீடு முழுக்க வாந்தி, முகம் சிவந்து உடம்பெல்லாம் சொறியும் கடி. "நல்லாக் கொதிக்க விட்டனாங்கள் மிசி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வெக்கையில் கிடந்த மீனில் ஊறிய நஞ்சு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு நிறை பார்க்கப் போனாலும் குசினிக்குள் நுழைந்து பிரீசரைத் திறந்து பார்ப்பேன். என்னை ஆரும் கேட்கவில்லை. பார்த்துவிட்டு நாலு பேச்சும் பேசிவிட்டுத்தான் வருவேன். அந்த வியாதியோடுதான் தர்சினியின் வீட்டுக்குப் போனேன்.

தர்சினிக்குக் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் வேலை. கணவன் கட்டாரில். நல்லூரில் மாமியோடு, கணவனின் தாயோடு, இருந்தாள். மாமியின் பெயர் பரமேஸ்வரி. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், விரதம் ஒன்றும் விடாத மனிசி. தர்சினிக்குப் பெண்பிள்ளை, சொன்ன நாளுக்கு இரண்டு மாதம் முந்தியே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அதைத் தூக்கவே எனக்குப் பயமாக இருந்தது. வாரத்துக்கு வாரம் நிறை ஏறியது, அவ்வளவும் தாய்ப்பாலால்தான். ஐந்தாம் மாதத்தில் நிறை வரைபடத்தின் சரியான கோட்டை எட்டிப்பிடித்தபோது நாங்கள் மூன்று பேரும் கைதட்டிச் சிரித்தோம்.

ஆனால் லீவு முடியப்போகிறது. காலையில் பஸ் ஏறினால் பின்னேரம்தான் வரலாம். கணவன் அனுப்பும் காசு வீடு கட்டின கடனுக்கே போகிறது, வேலையை விட முடியாது. லீவு முடிகிறபோது பிள்ளைக்கு ஆறு மாதம் முடிய இன்னும் ஐந்து கிழமை இருக்கும். அந்த ஐந்து கிழமையும் வேறு பால் கொடுக்காமல் தாண்டவேண்டும் என்பதுதான் தர்சினியின் ஒரே பிடிவாதம். பிள்ளை உறங்கும் நேரமெல்லாம் உட்கார்ந்து பால் எடுத்தாள். சின்னப் பைகளில் விட்டு, திகதியை எழுதி, தட்டில் பரப்பிப் புத்தகம் போலத் தட்டையாக உறையவைத்தாள். நான் பழக்கியபடிதான் செய்தாள். காய்ச்சலிலும் எடுத்தாள்.

லீவு முடிய மூன்று கிழமை இருக்கும்போது நான் வழக்கம்போலப் பிரீசரைத் திறந்தேன். பால் பைகளுக்குப் பக்கத்தில் இறால், அவற்றுக்கு மேலே நூல் கட்டாத பையில் விளைமீன். மீன் இளகினால் அந்தத் தண்ணீர் பால் பைகளில் வடியும். மூடியுள்ள பெட்டி ஒன்றில் பாலைப் போட்டு மேலே வைத்தால் போதும், அவ்வளவுதான் வேலை. அதை விளங்கப்படுத்தப் பத்து நிமிடம் தேவைப்பட்டிருக்கும். எனக்கோ இன்னும் நாலு வீடு கிடந்தது. சாமியறையில் ஊதுபத்தி மணக்கும் வீட்டில் வேறு சுருக்குவழி இருக்கிறதென்று நினைத்தேன்.

"அம்மா, பிள்ளைக்குக் குடுக்கிற பாலை இறாலுக்குப் பக்கத்திலை வைக்கலாமோ? சாமியறைக்குள்ளை மீன்சட்டியைக் கொண்டுபோய் வைப்பியளே?"

பரமேஸ்வரி அம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ முருகா! நான் அதை யோசிக்கவேயில்லை மிசி."

அரை நிமிடத்தில் காரியம் முடிந்துவிட்டது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன்.

நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடியேறினால் அந்தப் பக்கத்து வீடுகளில் இருபத்தைந்து நாளும் மச்சம் இல்லை. கொடியேற்றத்துக்கு முதல் மீனையும் இறைச்சியையும் சமைத்து முடிப்பார்கள், அல்லது தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். மீன்சட்டிகள் பின்பக்கம் போகும். வீடு கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். இப்போது எல்லா வீட்டிலும் பிரிட்ஜ் இருப்பதால் அதையும் நிற்பாட்டி, வெறுமையாக்கி, கழுவித் துடைத்துத்தான் திரும்பப் போடுவார்கள். நானும் என் வீட்டில் அப்படித்தான் செய்கிறவள். அந்த வருடம் கொடியேற்றம் தர்சினியின் லீவு முடிகிற கிழமையிலேயே வந்தது. இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்கவேண்டும். நிறை, தடுப்பூசி எல்லாம் யோசித்தேன், கொடியேற்றத்தை யோசிக்கவில்லை.

தர்சினி வேலைக்குப் போன முதல் நாள் காலை ஒன்பதரைக்கு அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளை ஏணைக்குள் கிடந்து பசியில் வீரிட்டுக்கொண்டிருந்தது. பரமேஸ்வரி அம்மா கிண்ணத்துச் சுடுதண்ணீரில் இளக்கிய ஒரு பைப் பாலைச் சின்னக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ மிசி. வந்து பாருங்கோ, நீங்கள் சொன்னமாதிரி எல்லாம் துப்புரவாச் செய்திட்டன்."

பிரீசரைத் திறந்து காட்டினார். ஒரு துண்டு மீன் இல்லை. கண்ணாடிபோலத் துடைத்திருந்தது. நடுவில் பால் பைகள். தட்டையாக இருந்த பைகள் ஒன்றுகூடத் தட்டையாக இல்லை. அடிப்பக்கம் வீங்கி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்பட்டுக் கிடந்தன. உறைந்த பால் தானாக வளையாது. அத்தனையும் தண்ணீராகி, குவித்து வைத்தபடியே திரும்ப உறைந்திருக்கின்றன. ஒருமுறை முழுதாக இளகிய பாலைத் திரும்ப உறையவைக்கக்கூடாது என்பது உங்கள் ஒன்றரைப் பக்கத்தின் கடைசி வரி.

"என்னம்மா செய்தனீங்கள்? ஆர் இதுகளை வெளியிலை எடுத்தது?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் வெளிறியது. "ஒண்டும் செய்யேல்லை மிசி. மச்சத்தோடை கிடந்ததெண்டு மஞ்சள் தண்ணியிலை கழுவினனான். கழுவின கையோடை வைச்சிட்டன். கல்லு மாதிரித்தான் இருந்தது."

கல்லு மாதிரி இருக்கவில்லை என்று என் கண் சொல்கிறது. பிள்ளை கத்துகிறது. கோப்பை அந்த அம்மாவின் கையிலேயே இருக்கிறது. பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு மூன்று விஷயம் தெரிந்தாகவேண்டும். பால் எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது? கழுவாத பை ஏதும் இருக்கிறதா? இந்தப் பாலைப் பிள்ளை ஏற்கெனவே குடித்துவிட்டதா? மூன்றையும் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். இன்னொருமுறை நான் கத்தினால் மூன்றுக்கும் எனக்குப் பிடித்த பதில்தான் வரும், உண்மை வராது.

எனக்கு வேலை பழக்கிய மூத்த மிசி ஒருவர் இருந்தார். கலவரப்பட்ட வீட்டில் அவர் முதலில் கதிரையைத் தேடி உட்காருவார், பிறகு தேத்தண்ணி கேட்பார். இந்த அவதியில் இவவுக்குத் தேத்தண்ணியோ என்று நான் அப்போது மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு நானும் குசினி வாங்கில் உட்கார்ந்தேன். தேத்தண்ணி கேட்க நேரமில்லை. கோப்பையை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினேன். ஐஸ் பிடித்த கை போல இருந்தது.

"அம்மா, மச்சத்துக்குப் பக்கத்திலை வைக்கலாமோ எண்டு கேட்டது நான். சாமியறையை இழுத்துக் கதைச்சதும் நான். நான் அப்பிடிச் சொல்லாட்டி நீங்கள் கழுவியிருக்கமாட்டியள். பிழை என்ரை. எனக்கு இப்ப நடந்தது மட்டும் தெரியவேணும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அழத் தொடங்கினார், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

முந்தாநாள், கொடியேற்றத்துக்கு முதல்நாள், தர்சினி வேலைக்குத் திரும்புகிற கடிதத்தைக் கந்தோரில் கொடுக்கப் போயிருக்கிறாள். காலை எட்டு மணிக்கே இவர் பிரிட்ஜை நிற்பாட்டிவிட்டார். இறாலையும் மீனையும் குருநகரில் இருக்கும் தெரிந்த குடும்பத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். பால் பைகளை அப்படியே வைக்க மனம் வரவில்லை. நாற்பத்தொரு பையையும் ஒவ்வொன்றாகக் கழுவினார். குளிரில் விரல் விறைத்ததால் தண்ணீரை இளஞ்சூடாக்கி மஞ்சள் கரைத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் புதுத் துவாயால் ஒற்றி வாழையிலையில் வைத்தார். பிரிட்ஜின் ஐஸ் கரைந்து, கழுவி, காய்ந்து, திரும்பக் குளிரேறும்போது மத்தியானம் இரண்டு மணியாகிவிட்டது. ஆவணி வெக்கையில் ஆறு மணி நேரம்!

"எல்லாம் தண்ணியாத்தான் போனது மிசி. கட்டியாகினால் பழையபடி வந்திடும் எண்டு நினைச்சன்."

"கழுவாத பை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. ஆனால் அவள் நேற்றுப் பின்னேரமும் இண்டைக்கு விடியவும் எடுத்தது கீழ்த்தட்டிலை மூண்டு போத்தல் கிடக்குது. பழையதை முதல் குடுக்கவேணும் எண்டு நீங்கள் சொன்னதாலை அதை நான் தொடேல்லை."

என் உயிர் திரும்பி வந்தது. கத்திக்கொண்டே இருந்திருந்தால் அந்த மூன்று போத்தலும் எனக்குத் தெரியவந்திருக்காது. ஒன்றை எடுத்துக் கிண்ணத்துச் சுடுதண்ணீரில் வைத்தோம். பிள்ளை மடக்கு மடக்கென்று குடித்தது. 

"இதுக்கு முதல் பிரீசர்ப் பாலிலை குடுத்தனீங்களோ அம்மா?"

தலை குனிந்தார். "விடிய ஏழு மணிக்கு ஒரு பக்கற்."

பிள்ளையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, வயிறு ஊதாமல் மெத்தென்று இருந்தது. எங்கள் டொக்டருக்குப் போன் எடுத்தேன். ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள், வாந்தியோ வயிற்றோட்டமோ சோர்வோ கண்டால் உடனே கொண்டுவாருங்கள் என்றார். அறிகுறிகளை ஒவ்வொன்றாக அம்மாவுக்குச் சொன்னேன். இந்த முறை காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன். பத்து நிமிடம்தான் எடுத்தது.

பிறகுதான் அவர் கேட்டார். "மிசி, அவளுக்குச் சொல்லாதேங்கோ. கரண்ட் நிண்டுபோச்சு எண்டு சொல்லுவம். அவள் அந்தப் பாலுக்குப் பட்ட பாடு எனக்குத் தெரியும். என்னை மன்னிக்கமாட்டாள். வேலையையும் விட்டிட்டு இருந்திடுவாள்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. கரண்ட் மீது பழியைப் போட்டால் நானும் தப்பிவிடுவேன். ஆனால் பிள்ளை ஒரு பை குடித்திருக்கிறது. இரவு பிள்ளையோடு படுக்கப்போகிறவள் தாய். அவளுக்குத் தெரியாமல் யார் கவனிப்பது?

"நான் வந்து சொல்லுறன் அம்மா. நீங்கள் பக்கத்திலை நிண்டால் போதும்."

பின்னேரம் ஐந்தரைக்கு தர்சினி வந்தாள். கால் கழுவி, பிள்ளையை வாங்கி, பால் கொடுக்க உட்கார்ந்தாள். நான் தொடக்கத்திலிருந்து சொன்னேன், சாமியறைப் பேச்சையும் விடவில்லை. கேட்டு முடிந்ததும் அவள் பிள்ளையை மாமியின் மடியில் கிடத்திவிட்டுப் போய்ப் பிரீசரைத் திறந்து, பைகளைப் பிரித்துப் பிரித்துத் திகதியை வாசித்தாள்.

"இது காய்ச்சலோடை எடுத்தது. இது அவர் போனிலை சண்டை பிடிச்ச அண்டைக்கு." வாசிக்க வாசிக்கக் குரல் உடைந்தது. "இனி நான் வேலைக்குப் போகேல்லை. நாளைக்குக் கடிதம் எழுதிக் குடுக்கிறன்."

"பிள்ளை, அப்பிடி முடிவெடுக்காதை, நாங்கள் வேறை வழி..." என்று நான் தொடங்கினேன்.

"நீங்கள் கதைக்காதேங்கோ மிசி."

எனக்கு அது வேணும். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் மாமியிடம் திரும்பினாள். "ஏன் மாமி கழுவினனீங்கள்?"

"சின்னவளின்ரை வாய்க்குப் போறதெல்லோ பிள்ளை. திருவிழா நேரம் மச்சம் பட்டதைக் குடுத்து அவளுக்கு ஏதும் வந்திடுமோ எண்டு பயந்துபோனன். முந்திப் பிறந்த பிள்ளை."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். ஒவ்வொண்டா."

தர்சினி அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தாள். விரலிடுக்கில் மஞ்சள் இன்னும் போகவில்லை. பைகளை ஒரு சருவச்சட்டியில் அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தாய்ப்பால் காலில் மிதிபடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாதுளையின் அடியில் ஒவ்வொரு பையாக இளக்கி ஊற்றினாள். உதவிக்குப் போன என்னை வரவேண்டாம் என்று தலையசைத்தாள். நாளைக்கு பஸ் ஏறுவாளா மாட்டாளா என்று தெரியாமலே நான் வீட்டுக்குப் போனேன்.  இத்தனை வருட வேலையில் ஒரு தாயின் உழைப்பை என் வாய் இப்படி மண்ணில் ஊற்றியதில்லை.

அடுத்த நாள் எட்டு மணிக்கே அந்த வீட்டுப் படலையைத் திறந்தேன். பரமேஸ்வரி அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. காய்ச்சல் இல்லை, வயிற்றோட்டம் இல்லை.

"தர்சினி?"

"விடிய பஸ்ஸுக்குப் போயிட்டாள்" என்றார். "இண்டைக்குக் குடுக்கிற போத்தலுகளைக் கீழ்த்தட்டிலை வைச்சிட்டுத்தான் போனவள். கந்தோரிலை எடுக்கிறதைக் கொண்டுவர ஐஸ் போட்ட பெட்டி ஒண்டும் கொண்டு போறாள். இஞ்சை வாங்கோ, இதைப் பாருங்கோ."

அவரே பிரீசரைத் திறந்தார். உள்ளே மூடியுள்ள வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. இறுக்கமான மூடி. மீன் தண்ணீர் என்ன, மழையே பெய்தாலும் உள்ளே போகாது. மூடியின் மேல் மூன்று குறியாகத் திருநீறு பூசியிருந்தது. மூலையில் தர்சினியின் எழுத்து: "மாமி, பெட்டியை மஞ்சள் தண்ணியிலை கழுவித்தான் வைச்சிருக்கிறன். இனிக் கழுவத் தேவையில்லை."

மூன்று கிழமைக்கு முதல் நான் பத்து நிமிடம் செலவழித்துச் சொல்லியிருக்கவேண்டிய பெட்டி அது. நான் சொல்லியிருந்தாலும் அந்தத் திருநீறு எனக்குத் தோன்றியிருக்காது.

"விடிய நாலரைக்கு எழும்பிக் குளிச்சுப்போட்டுச் செய்தவள்" என்று பரமேஸ்வரி அம்மா கண்ணைத் துடைத்தார். "என்னோடை ஒரு சொல்லுக் கோவிக்கேல்லை. போகேக்கை, மாமி சாப்பிடாமல் இருக்காதேங்கோ எண்டுதான் சொல்லிப்போட்டுப் போறாள்."

எனக்கும் கண் நிறைந்தது. மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே தட்டையாக ஒரே ஒரு பை, அதில் அன்றைய திகதி. உறைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்க நான் கையை நீட்டினேன்.

அந்த அம்மா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மிசி, கை கழுவினனீங்களோ?"

கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் தொட்டேன்.